பன்னிரண்டு முழ வெளிச்சம்

ஹாஜி லண்டாரா என் தங்கையின் கணவனைத் திருடன் என்று சொன்னது தனியிடத்தில் அல்ல. நெத்திலி காயப்போட்ட பாய்களுக்கு நடுவில், இருபது முப்பது பெண்கள் குனிந்து மீன் புரட்டிக்கொண்டிருக்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அதை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்துப் பதினொரு வருடமாகிறது, இப்போதும் மன்னிக்கவில்லை.

எங்கள் உஜுங் லாபூ வளைகுடாவில் அப்போது ஒன்பது பாகான்கள் வரிசையாக நின்றன. கடலில் மூங்கில் கால்களை நட்டு, மேலே தட்டுக் கட்டி, நடுவில் சதுர வலையை இறக்கி, அதற்கு மேல் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தொங்கவிட்டு நெத்திலிக்குக் காத்திருப்பார்கள். நிலா இல்லாத நாட்களில் கடல், நிலா நாட்களில் வலை தைப்பு. வரிசையில் மூன்றாவது பாகான் என் மைத்துனன் மப்பியாரேயுடையது. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் ஹாஜியுடையவை.

ஒரு பாகானுக்கு நாலு விளக்கு என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதுவும் முந்நூற்றைம்பது மெழுகுவத்தி வெளிச்சம் தரும் சின்ன விளக்கு. ஐந்நூறு தரும் பெரிய விளக்கு கூடாது. ஒருவன் வெளிச்சத்தைக் கூட்டினால் பக்கத்துப் பாகானின் மீன் அவனிடம் போகும். பக்கத்துக்காரனும் கூட்டுவான். கடைசியில் மண்ணெண்ணெய் விற்கிறவன் மட்டும் பிழைப்பான். இந்தக் கட்டுப்பாட்டை ஊர் கூடிப் பேசிய அன்று முதலில் எழுந்தவன் நான். மீறுகிறவனின் பாகான் கால்களைப் பிடுங்கிக் கரையில் போடவேண்டும் என்று சொன்னவனும் நானே. நான் படகுகளுக்குப் பாய் தைக்கிறவன். எனக்குக் கடலில் ஒரு மூங்கில்கூடக் கிடையாது. அதனால் என் சொல்லுக்கு மறுசொல் வரவில்லை.

அன்று காலை ஹாஜி வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்தபடி பாய்களுக்கு நடுவே வந்து நின்றார்.

“மப்பியாரே, நில்லு. நேத்து எத்தனை கூடை?”

“பதினாலு, ஹாஜி.”

“எனக்கு நாலு. மூணு பாகானுக்கும் சேத்து நாலு. மீனுக்கு உன்மேல என்ன, காதலா?”

“இருக்கும் ஹாஜி. நான் குளிக்கிறது கம்மி. என் வாடை அதுகளுக்குப் பிடிச்சுப் போச்சு.”

பெண்கள் சிரித்தார்கள். மப்பியாரே எப்போதும் இப்படித்தான். எதற்கும் ஒரு கேலி, அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்வான். எனக்கு அது பிடிக்காது. கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவனை ஊர் எப்போதும் ஒரு மாதிரிதான் பார்க்கும்.

“சிரிக்காத. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணொண்ணா வெளக்க அணைக்கிற. நாங்களும்தான் அணைச்சுப் பாத்தோம், மீன் கலைஞ்சு ஓடுது. உனக்கு மட்டும் மூணு வெளக்கு அணைஞ்சப்புறமும் மீன் நகரல. நாலாவது வெளக்குல என்னடா வச்சிருக்க? எண்ணெய் வர்ற தொளையில ஊசிய விட்டு அகட்டியிருக்க. வெளிய பாத்தா சின்ன வெளக்கு, உள்ள பெரிய வெளக்கு. திருட்டுப்பய வேல. என் மீனத் திங்கிற நீ.”

மப்பியாரே கூடையைத் தூக்கித் தோளில் வைத்தான். என் தங்கை ஹலிஜா பாயின் மறுமுனையில் நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. நான் முன்னே போனேன்.

“ஹாஜி, வார்த்தைய அளந்து பேசுங்க. அது எங்க வீட்டுப் பொண்ணு வாழற வீடு.”

“வார்த்தைய எதுக்கு டாயெங் அளக்கணும்? வெளிச்சத்த அளந்துருவோம்.”

எங்கள் ஊரில் மூத்தவனை டாயெங் என்பார்கள். அண்ணன் என்பதுபோல. ஹாஜியின் வாயில் அந்தச் சொல் துப்பியதுபோல விழுந்தது.

“அளங்க. எங்க வெளக்கு கூட எரிஞ்சா, மொதக் கால நானே எறங்கிப் பிடுங்கறேன். இத்தன பேரும் சாட்சி.”

ஹலிஜா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. அன்று அது எனக்கு விளங்கவில்லை.

*

ஊர்த் தலைவர் பெட்டா ராலா நியாயமான மனிதர். மெதுவாகப் பேசுவார், மெதுவாகச் சாப்பிடுவார். விளக்குக் கடை பாபா லியோங்கைக் கூப்பிட்டனுப்பி, வெளிச்சத்தை எப்படி அளப்பது என்று கேட்டார்.

“தொளைய அகட்டியிருக்கான்னு தொளையப் பாத்துச் சொல்ல முடியாதுங்க,” என்றார் பாபா. “ஊசி மொனையளவு தொளை. என் கண்ணுக்கும் தெரியாது, உங்க கண்ணுக்கும் தெரியாது. ரெண்டு வெளக்கையும் நேரா உத்துப் பாத்தாலும் கண்ணு கூசுமே தவிர எது பெருசுன்னு தெரியாது. நெழலத்தான் பாக்கணும்.”

ஒரு வெள்ளைத் துணி. அதற்கு ஒரு சாண் முன்னால் ஒரு மூங்கில் கழி. இரண்டு விளக்குகளையும் துணியிலிருந்து பத்து முழத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்தால், துணியில் கழிக்கு இரண்டு நிழல் விழும். எந்த விளக்கு போடும் நிழல் அதிகக் கறுப்போ அந்த விளக்குக்குத்தான் வெளிச்சம் அதிகம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்த வேண்டும். இரண்டு நிழலும் ஒரே கறுப்பானதும் நிறுத்தி முழம் போட வேண்டும். பாபா கடையிலேயே காட்டினார். சின்ன விளக்கு பத்து முழத்தில் நின்றபோது, ஐந்நூறு விளக்கு பன்னிரண்டு முழத்தில் போய் நின்றது.

“அப்ப பன்னெண்டு வந்தா அது பெரிய வெளக்கு. பதினொண்ணு வரைக்கும் பொறுக்கலாம்,” என்றார் பெட்டா ராலா. “புதன்கிழம பகல்ல, உப்புக் கிடங்குல கதவ அடைச்சுட்டுப் பாப்போம். ஹாஜி பாகான்லேருந்து ஒண்ணு. மப்பியாரே கடைசியா அணைக்கிற அந்த வெளக்கு ஒண்ணு. ரெண்டும் தொங்கினபடியே வரணும். யாரும் கை வைக்கக் கூடாது.”

துணி என்னுடையது. புதுப் பாய்க்கென்று வாங்கி வைத்த வெளுப்புத் துணியில் நாலு துண்டு எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். எங்கள் மானத்தை அளக்கும் துணி எங்கள் கையால் தைத்ததாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

*

புதன்கிழமை விடிந்ததும் மப்பியாரே கடலிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். வீட்டின் அடியில், தூண்களுக்கு நடுவேதான் என் தையல் இடம். உப்புக் கிடங்கு அதற்கு அடுத்தது. விளக்கைத் தையல் பலகை மேல் வைத்தான். அவன் உடம்பெல்லாம் செதிலும் உப்பும்.

“மத்தியானம் வரைக்கும் இங்க இருக்கட்டும் டாயெங். நான் போய்க் கண்ண மூடறேன்.”

நான் விளக்கைப் பார்த்தேன்.

கண்ணாடி முழுக்கக் கரி. பழுப்பும் கறுப்புமாக, அடுப்பில் கிடந்த சட்டிபோல. மேலே விரிசல், அதைக் கம்பியால் கட்டியிருந்தான். சுடர் பிடிக்கும் மேண்டில் வலையில் ஓட்டை. தொட்டியின் பித்தளை பச்சை பூத்திருந்தது. எங்கள் தாத்தா நூறு மூட்டை ஏற்றும் பாய்க்கப்பலில் சிங்கப்பூர்வரை போனவர். அவர் கப்பலின் விளக்கில் முகம் பார்த்து மீசை ஒதுக்குவார்கள். அவருடைய பேத்தி வீட்டு விளக்கு இது. இதைத்தான் ஊர் கூடி நின்று பார்க்கப் போகிறது.

“என்னடா இது? தொடைக்கிற வழக்கமே இல்லயா?”

“அப்படியே இருக்கட்டும் டாயெங்.”

“அப்படியேன்னா?”

“தொங்கினபடியேன்னுதானே சொன்னாங்க. அப்படியே இருக்கட்டும்.”

கொட்டாவி விட்டபடி போய்விட்டான். நாலு குழந்தைகளுக்குத் தகப்பன், தன் தலைமேல் கத்தி தொங்கும் நாளில் கொட்டாவி விடுகிறான். சோம்பேறி. சோம்பேறித்தனத்துக்குப் பெட்டா ராலாவின் வார்த்தையைத் துணைக்குக் கூப்பிடுகிறான். ஹாஜியின் விளக்கு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? மினுக்கிக்கொண்டுதான் வரும். சட்டம் பேசுகிறவன் எவன் சட்டப்படி நடக்கிறான்? எங்கள் விளக்கு மட்டும் பிச்சைக்காரி சட்டிபோல அதன் பக்கத்தில் உட்காருமா?

கை வைக்கக் கூடாது என்றது துளையில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுக்கைத் துடைப்பது கை வைப்பதாகுமா? தொழப் போகிறவன் கால் கழுவுவதில்லையா?

சாம்பலும் சுண்ணாம்பும் எடுத்தேன். கரி லேசில் போகவில்லை. பிசின்போல ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி, கந்தலால் தேய்த்து, மறுபடி சாம்பல் போட்டு ஒரு மணிநேரம் உழைத்தேன். கண்ணாடி தண்ணீர்போல ஆயிற்று. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தேன். பிறகு பாபா கடைக்குப் போனேன்.

“ஒரு மேண்டில் குடுங்க. நல்லதா.”

பாபா என்னைப் பார்த்தார். “என்ன டாயெங், வீட்டுல கல்யாணமா?”

“குடுக்கறதக் குடுங்க.”

அவர் கொடுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. வியாபாரிக்குத் தெரிந்த மரியாதை அது. மேண்டிலைக் கட்டி, வழக்கப்படி முதலில் ஒருமுறை எரித்துச் சாம்பலாக்கி, மண்ணெண்ணெயைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டி ஊற்றினேன். ஊசியால் துளையின் அடைப்பைக் குத்தி எடுத்தேன். அகட்டவில்லை. அல்லாவுக்குத் தெரியும், அகட்டவில்லை. அடைப்பை மட்டும் எடுத்தேன்.

*

உப்புக் கிடங்கில் கதவை அடைத்து இடுக்கில் சாக்கு திணித்திருந்தார்கள். வெளியே கிழக்குக் காற்றுக் காலத்து வெயில். உள்ளே அறுபது ஆண்கள், கருவாட்டு வாடை, மண்ணெண்ணெய்ப் புகை. வியர்வை கைலியோடு ஒட்டியது. பெண்கள் பலகைச் சுவருக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஹாஜியின் விளக்கு மினுக்கிக்கொண்டு வரவில்லை. கண்ணாடியில் கடலுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, மேண்டில் ஒரு பக்கம் பழுத்திருந்தது. தொங்கினபடியே கொண்டு வந்திருந்தார். நான் எனக்கே சொல்லிவைத்திருந்த சாக்கு அதோடு போயிற்று.

மப்பியாரே கடைசியாக வந்தான். எங்கள் விளக்கு அதற்குள் காற்றடித்து எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு கணம் நின்றான். விளக்கைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

பத்து முழத்தில் இரண்டையும் வைத்தார்கள். என் வெள்ளைத் துணியில் இரண்டு நிழல். ஒன்று சாம்பல். மற்றது மை.

“எது எதோட நெழல்?” என்றார் ஒருவர்.

“கறுப்பு மப்பியாரேயோடது,” என்றார் பாபா. அவர் குரலில் உயிரில்லை.

நகர்த்தினார்கள். பத்தரை. பதினொன்று. நிழல் இன்னும் கறுப்பு. பதினொன்றரை. யாரோ இருமினார். பன்னிரண்டில் ஒரே நிறம்போலத் தெரிந்தது. பெட்டா ராலா குனிந்து மூக்கு துணியில் படும்படி பார்த்துவிட்டு, “இன்னும் அரை முழம்,” என்றார். பன்னிரண்டரையில் இரண்டும் ஒன்றாயின.

ஹாஜி கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்: “டாயெங் மாலேவா, கடப்பாரையத் தீட்டி வச்சுக்குங்க.”

பெட்டா ராலா மப்பியாரேயின் பக்கம் திரும்பினார். “உன் வாயால சொல்லு. இந்த வெளக்கு தொங்கினபடியேதான் வந்துச்சா? யாராச்சும் கை வச்சாங்களா?”

சொல்லுடா, என்று மனசுக்குள் கத்தினேன். சொல்லாதே, என்றும் கத்தினேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

“தொங்கினபடியேதான்,” என்றான் மப்பியாரே.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பாகானைப் பிடுங்குவது என்று தீர்ப்பாயிற்று. விளக்கைப் பெட்டா ராலா தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

*

அன்று சாயங்காலம் ஹலிஜா வந்தாள். ஏணிப்படி ஏறவில்லை. கீழே தையல் பலகை பக்கத்தில் நின்றாள். என் மனைவி மேலேயிருந்து, “சோளக் கஞ்சி இருக்கு, சாப்புட்டுட்டுப் பேசு,” என்றாள்.

“வேண்டாம் அண்ணி. இங்க எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

பலகையின் ஓரத்தில் என் சாம்பல் கிண்ணம் இருந்தது. அதற்குள் விரலை விட்டு எடுத்துக் கறுத்த விரலை எனக்குக் காட்டினாள்.

“இது என்னன்னு தெரியுமா அண்ணே?”

“அழுக்கு.”

“என் உழைப்பு. நாப்பது சாயங்காலம். குங்கிலியத்த நெருப்புல போட்டு, அந்தப் பொகையில கண்ணாடியப் பிடிச்சு, காயவிட்டு, மறுபடி பிடிச்சு. ஒரேயடியாப் பிடிச்சா உதிந்துரும். அடுக்கடுக்காப் பிடிக்கணும். ரெண்டு வருசமா யாருக்கும் சொல்லாம நானும் அவரும் மட்டும் வச்சிருந்தது.”

“கண்ணாடியக் கரியாக்கறதா? எதுக்கு?”

“வெளிச்சத்தக் கொறைக்க! உங்க எல்லாருக்கும் வெளிச்சம் வெளிச்சம்னு ஒரே பைத்தியம். பெரிய வெளிச்சம் மீனக் கூப்புடும். ஆனா கிட்ட வராது, சுத்திச் சுத்தி ஓடும். மத்ததெல்லாம் அணைச்சுட்டு மங்கலா, பழுப்பா ஒண்ண மட்டும் விட்டா, நெத்திலி அப்படியே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மேல வரும். கையால அள்ளலாம். அந்த வெளக்கு ஊருலயே மங்கலான வெளக்கு அண்ணே. எட்டு முழத்துக்கு முன்னால இழுத்தாத்தான் நெழல் ஒத்திருக்கும். ஹாஜி மூஞ்சி செத்துருக்கும். அதான் அவரு கொட்டாவி விட்டுட்டுப் போனாரு.”

நான் சாம்பல் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!”

“சொன்னாரு. அப்படியே இருக்கட்டும்னு சொன்னாரு. அது உங்களுக்குக் காதுல ஏறல. எங்க வீட்டுல யாரு சொன்னாலும் உங்களுக்கு ஏறாது. தாத்தா கப்பல் ஒண்ணுதான் ஏறும்.”

“தாத்தாவ இழுக்காத.”

“நீங்கதான் தெனம் இழுக்கறீங்க! செத்தவரக் கொண்டாந்து என் அடுப்புல உக்கார வைக்கறீங்க. அந்த மனுசன் இன்னைக்கு அறுபது பேரு முன்னாடி பொய் சொன்னாரு. பொண்டாட்டியோட அண்ணனக் காட்டிக் குடுக்க முடியாதுன்னு பொய் சொன்னாரு. நீங்க நிமிந்து நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க. செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு நான் கேட்டேன். உங்க குரல் வரும் வரும்னு காத்திருந்தேன்.”

“ஹலிஜா…”

“போய்ச் சொல்லுங்கன்னு நான் கேக்க வரல. கேட்டா அதையும் ஏதோ எங்களுக்குப் பிச்ச போட்ட மாதிரி வச்சுக்குவீங்க. வெள்ளிக்கெழம மொதக் கால நீங்கதானே பிடுங்கணும்? ரெண்டாவது கால் பக்கத்துல தண்ணி ஆழம். பாத்து எறங்குங்க.”

போய்விட்டாள். மேலே என் மனைவி கஞ்சிச் சட்டியை ‘டங்’கென்று வைக்கும் சத்தம் கேட்டது. அன்று யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

*

வியாழக்கிழமை முழுவதும் தைக்கவில்லை. யார்மேலெல்லாம் கோபப்பட முடியுமோ அத்தனை பேர்மேலும் கோபப்பட்டேன். ஹாஜிமேல், மேண்டில் விற்ற பாபாமேல், வாய் திறக்காத மைத்துனன்மேல். எல்லோரையும் திட்டி முடித்த பிறகும் கோபம் மிச்சமிருந்தது. அதை வைக்க வேறு இடமில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளி முற்றத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்றேன்.

“வெளக்குல கை வச்சது நான். தொடைச்சேன், மேண்டில் மாத்தினேன். மப்பியாரேக்குத் தெரியாது.”

ஹாஜி சிரித்தார்.

“பாத்தீங்களா பெட்டா? நான் சொல்லல? வீட்டு மானத்துக்காக டாயெங் எதையும் சுமப்பார். இன்னைக்குத் திருட்டையே சுமக்கறார்.”

“நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?”

“நாப்பது வருசமா நீங்க தப்பே பண்ணினதில்லன்னு நீங்கதானே சொல்லிட்டு இருக்கீங்க. இன்னைக்கு மட்டும் எப்படி நம்பறது? சரி, நம்பறேன். அப்ப உங்க மாப்பிள்ள அன்னைக்குப் பொய் சொன்னான். ஒண்ணு நீங்க பொய்யன், இல்ல அவன் பொய்யன். எதுன்னு சொல்லுங்க.”

பலர் சிரித்தார்கள். பாபா லியோங்கைக் கூப்பிட்டார்கள். “மேண்டில் வாங்கினாரு, உண்மை. எந்த வெளக்குக்குன்னு நான் பாக்கல,” என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. மப்பியாரே ஒரு தூணில் சாய்ந்து நின்றான். அவனிடம் கேட்டபோது, “டாயெங் சொன்னா சரிதான்,” என்றான். அதுவும் கேலிபோலவே விழுந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக என் சொல்லை ஊர் எடுக்கவில்லை. நான் உண்மை பேசிய நாளில் எடுக்கவில்லை.

கடப்பாரைகள் படகில் ஏறிவிட்டன. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

“பெட்டா, இன்னொரு தரம் அளக்கணும்.”

“எதுக்கு? அதே பன்னெண்டரதான் வரும்.”

“எங்க வெளக்கு உங்க பெட்டியில பூட்டினபடி இருக்கு. அத யாரும் தொட வேண்டாம். ஹாஜியோட வெளக்கக் குடுங்க. எல்லாருக்கும் முன்னாடி, நான் எங்க வெளக்குக்கு என்ன பண்ணினேனோ அதையே அதுக்கும் பண்றேன். சாம்பல், சுண்ணாம்பு, புது மேண்டில், வடிகட்டின எண்ணெய், தொளை அடைப்பு எடுக்கறது. ரெண்டும் சின்ன வெளக்குன்னா ரெண்டும் பத்து முழத்துல நிக்கும். எங்களுது பெரிய வெளக்குன்னா அப்பவும் பன்னெண்டுதான். அப்படி வந்தா எங்க அத்தன காலையும் நான் ஒருத்தனே பிடுங்கறேன்.”

ஹாஜி, “என் வெளக்க எவன் தொடறது?” என்றார். பெட்டா ராலா மெதுவாகச் சொன்னார்: “தொடட்டும் ஹாஜி. உங்களுக்கு என்ன, சுத்தமான வெளக்கு இலவசமாக் கெடைக்குது.”

பள்ளி முற்றத்துக் கிணற்றடியில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைச் சட்டையோடு. ஹாஜி லண்டாராவின் விளக்குக் கண்ணாடியை மடியில் வைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். என்னைத் திருடன் குடும்பம் என்று சொன்னவனின் உப்பை என் விரலால் கழுவினேன். அறுபது பேர் சுற்றி நின்றார்கள். “அந்த மூலைல இன்னும் கொஞ்சம் டாயெங்,” என்று ஒருவன் சொன்னான். “அப்படியே என் வீட்டுச் சட்டியும் ரெண்டு இருக்கு,” என்றான் இன்னொருவன். பெண்களும் வந்துவிட்டார்கள். ஹலிஜா வந்தாளா என்று நான் தலை தூக்கிப் பார்க்கவில்லை. தேய்த்தேன். முதுகு மட்டும் வளையவில்லை. எனக்கு அது வளைந்து பழக்கமில்லை. உட்கார்ந்திருந்தாலும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன் என்று பிற்பாடு சொல்லிச் சிரித்தார்கள்.

கிடங்குக் கதவு அடைக்கப்பட்டது. என் வெள்ளைத் துணி, கழி, பத்து முழத்தில் இரண்டு விளக்கு. துணியில் இரண்டு நிழல் விழுந்தன. பெட்டா ராலா குனிந்து பார்த்தார். பாபா பார்த்தார். ஹாஜியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவரும் வெகுநேரம் பார்த்தார்.

ஒரே கறுப்பு. அரைச் சாண்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

“அப்ப அவனுக்கு ஏன் அத்தன மீனு?” என்று ஹாஜி கத்தினார். இப்போதுதான் கத்தினார். “தொடைக்கறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியில என்ன இருந்துச்சு? டாயெங், நீங்கதானே தொடைச்சீங்க? சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பொய் சொல்ல எனக்கு இடமில்லை. நான் பேசுவது உண்மைதான் என்று நிரூபிக்க இப்போதுதான் விளக்குத் தேய்த்து எழுந்திருந்தேன்.

“கரி,” என்றேன். “குங்கிலியப் பொகை.”

யாரோ ‘ஆ’ என்றார். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீனவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஹாஜி இதுவும் ஏமாற்றுதான் என்றார். “வெளிச்சம் கூடக் கூடாதுன்னுதான் கட்டுப்பாடு. கொறையக் கூடாதுன்னு எவனும் சொல்லல,” என்று பெட்டா ராலா முடித்துவிட்டார். மப்பியாரேயின் பாகான் கால்கள் நின்றன.

ஆனால் அன்று மாலையே பாபா கடையில் குங்கிலியம் தீர்ந்துபோயிற்று.

*

நிலா இல்லாத அடுத்த நாட்களில் ஒன்பது பாகானிலும் ஒவ்வொரு பழுப்பு விளக்கு எரிந்தது. ஹாஜிக்குப் பத்துக் கூடை. மப்பியாரேக்கு ஆறு. பழைய கரியை நான் தேய்த்துவிட்டதால் அவனும் மற்றவர்களைப்போல வேறொரு கண்ணாடியில் அவசரமாகப் புகை பிடித்துத்தான் கடலுக்குப் போனான் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் தேய்த்த அந்தக் கண்ணாடியை ஹலிஜா ஒரு நாள் என் தையல் பலகையில் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு பொட்டலம் குங்கிலியம்.

“தொடைச்ச கையே பிடிக்கட்டும்.”

நான் பாய் தைக்கிறவன், புகை பிடிக்கிறவன் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நிற்கவில்லை.

பிடித்தேன். தினம் சாயங்காலம், மஃரிப் தொழுகைக்கு முன்னால், தேங்காய்ச் சிரட்டைத் தணலில் குங்கிலியம் தூவி, கண்ணாடியைச் சாய்த்து, திருப்பி. அவசரப்பட்டால் உதிர்ந்தது. ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் வெளுத்தது. தொண்டையெல்லாம் புகை. தெருவில் போகிறவர்கள், “என்ன டாயெங், பேய் ஓட்டறீங்களா?” என்றார்கள். ஒவ்வொரு நாளும் கோபத்தோடுதான் உட்கார்ந்தேன், கோபத்தோடுதான் எழுந்தேன். ஆனால் ஒரு நாளும் விடவில்லை.

நாற்பதாம் நாள் ஹலிஜா வந்தாள். கண்ணாடியை எடுத்து, சாய்ந்த வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மெல்லத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பழுப்பு வெளிச்சம் ஓடியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தேன்.

பலகையில் திரும்ப வைத்தாள்.

“இன்னும் வெளிச்சமா இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.